பின் சுவரில் இருபத்தொரு முட்டிகள்

பேசாலை,
14.01.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

மாதாவின் தயவில் நானும் இவரும் நலம். அங்கே பனி முழங்கால் வரைக்கும் வந்துவிட்டதாக மகள் நிருஷா படம் அனுப்பியிருந்தாள். சப்பாத்துப் போடாமல் வாசலில் இறங்குகிற ஆள் நீங்கள் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன கிழமை நாலு தரம் உங்களுக்குப் போன் எடுத்தேன். நாலு தரமும் அவள்தான் எடுத்து, "அப்பா குளிக்கிறார் மாமி" என்றாள். நோர்வேக் குளிரில் ஒரு மனிதர் கிழமைக்கு நாலு தரம் குளிப்பாரா? இங்கே இருந்த காலத்தில் அம்மா வாளியோடு உங்களைத் துரத்தித் திரிந்தது எனக்கு மறக்கவில்லை. கோபத்தில்தான் பழையபடி பேனையைத் தூக்கினேன்.

சேதி இதுதான். கிடங்கு திரும்பக் கிடைத்துவிட்டது. உள்ளே முகாம் போட்டிருந்த ஆமி போன பிறகு பூட்டிக் கிடந்ததை மரபுரிமைக் கட்டடமாக அறிவித்து, திருத்தி, மறுபடி கச்சேரி வைக்கலாம் என்று எழுத்தில் தந்துவிட்டார்கள். வாசலில் போடப்போகும் பலகையின் வாசகத்தை அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்தவர் படித்துக் காட்டினார். "வெள்ளையர் காலத்துச் சங்குக் கிடங்கு. 1968 முதல் 1990 வரை இசை மண்டபம்." இருபத்திரண்டு வருடம் ஒரு வரியில் முடிந்தது. அதில் கடைசி ஏழு வருடம் நீங்கள் ஆர்மோனியத்தோடும் நான் உங்கள் பக்கத்தில் நின்று பாடிக்கொண்டும் இருந்தோம். மேடைக்கு முன்னால் மீராசாஹிபு டோலக்கோடு. எனக்கு அந்தப் பலகையைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது.

திருத்த வேலைக் குழுவுக்கு என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். முப்பது வருடம் பிள்ளைகளை விரட்டின டீச்சர் மேசன்மாரையும் விரட்டுவாள் என்று நினைத்தார்களாக்கும்.

சுகத்தைப் பற்றி இரண்டு வரியாவது உங்கள் கையால் எழுதுங்கள்.

பாசம் குறையாத தங்கச்சி,
மேரிசெல்வி


பேர்கன், நோர்வே,
06.02.2024

என் அன்புத் தங்கச்சி செல்விக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நீயும் மச்சானும் சுகம் என்று கண்டு நிம்மதி. என் சுகத்தை மறைக்காமல் எழுதுகிறேன். நான் குளிக்கவில்லை. எனக்குக் காது கேட்கவில்லை.

மீன் வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருடம் நின்றேன். வலது காது போன வருடமே போய்விட்டது. இடது காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. எதிரில் இருப்பவர் பேசினால் விளங்கும், போனில் ஒன்றும் விளங்காது. இந்த வருடம் முடியும்வரை இடது காது தாங்கினால் பெரிய காரியம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். உன்னிடம் சொல்லக் கூடாதென்று நிருஷாவின் வாயைக் கட்டி வைத்தது நான்தான். அவளைத் திட்டாதே.

கிடங்கைத் திருத்துகிறார்கள் என்றதும் எனக்கு ஒரே ஒரு ஆசை வந்துவிட்டது. அந்த ஏழு வருடமும் நான் மேடையில் உனக்குப் பக்கத்தில் இருந்தேன். உன் குரல் கடைசி வரிசை வாங்கில் இருந்தவர்களுக்கு எப்படிக் கேட்டதென்று எனக்குத் தெரியாது. கேட்டவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றைச் சொல்லிக் கண் கலங்குவார்கள். எனக்கு அது கிடைக்கவில்லை. காது முழுதாகப் போகுமுன் ஒரு தரம் அந்தக் கடைசி வாங்கில் இருந்து, மைக் இல்லாமல் நீ பாடுவதைக் கேட்க வேண்டும். இங்கே சன்னலோரம் இருக்கும்போதெல்லாம் இதே நினைப்புத்தான்.

வருடம் முடியுமுன் வேலை முடியுமா? பாடுவாயா?

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
அண்ணன் சந்தியோகு


பேசாலை,
02.04.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். இனி உங்கள் நலத்தை நான் எப்படி விசாரிப்பது என்றே தெரியவில்லை. உங்கள் கடிதத்தை வாசல் படலையில் நின்றபடியே வாசித்து, அங்கேயே அழுதேன். தபால்காரர் ஆரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

தொண்ணூறில் நீங்கள் ராமேஸ்வரம் போகிற வள்ளத்தில் ஏறின நாளிலிருந்து நான் பாடவில்லை. கோவில் பாடகர் குழுச் சிசிலியாவும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். பக்கத்தில் ஆர்மோனியம் இல்லாமல் எனக்குக் குரல் எழும்பாது. ஆனாலும் உங்களுக்குப் பாடுவேன். ஒரு வருடம் என்றால் ஒரு வருடத்துக்குள் மண்டபத்தை முடித்துத் தருவேன்.

வேலை தொடங்கிவிட்டது. மேசன் பெயர் சிங்கராசா. மலைநாட்டிலிருந்து வந்து பெருநிலப் பக்கம் குடியேறின குடும்பம், கை சுத்தமான ஆள். மரபுரிமைக் கட்டடம் என்றபடியால் சீமெந்து கூடாதாம், சுண்ணாம்புச் சாந்துதான். சுவர்களைப் பார்த்தால் வயிறு எரியும் அண்ணா. எங்கே பார்த்தாலும் துவக்குச் சன்னம் துளைத்த ஓட்டை. எண்ணினோம், முந்நூறுக்கு மேல் வந்தது. பின் சுவரின் மேல்பக்கத்தைக்கூட விட்டு வைக்கவில்லை.

"ஒரு ஓட்டை மிச்சம் விடக்கூடாது சிங்கராசா, கண்டியளோ?" என்றேன்.

"சரிங்க டீச்சர். நாளைக்கு இந்தச் செவுத்தப் பாத்தா இங்க சண்ட நடந்துச்சுன்னு யாரும் சொல்லமாட்டாங்க."

சொன்னபடி செய்துவிட்டான். நேற்றுப் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தேன். கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நேற்று இரவுதான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

காதைக் குளிருக்கு மூடி வைத்திருங்கள். மருந்தை விடாதீர்கள்.

உங்கள் செல்வி


பேர்கன்,
25.04.2024

அன்புச் செல்விக்கு,

நான் சுகம், காதும் இருந்தபடி இருக்கிறது. இதை வாசிக்குமுன் கதிரையில் இரு.

நீ அடைத்த முந்நூறு ஓட்டையில் இருபத்தொன்று சண்டையில் வந்ததில்லை. பின் சுவரின் மேல்பக்கத்தில் இருந்தவை. கிடங்கை மண்டபமாக்கின பங்குச் சுவாமி, கள்ளு வடிக்கிற மண் முட்டிகளை வாங்கி அந்தச் சுவருக்குள் படுக்க வைத்துக் கட்டினார். வாய் மண்டபத்தின் பக்கம். வாயையும் எலுமிச்சங்காய் அளவு துளை மட்டும் விட்டுப் பூசிவிட்டார். வெளிநாட்டுக் கோவில் ஒன்றில் பார்த்தாராம். குரல் முட்டிக்குள் போய்ச் சுழன்று கனத்துத் திரும்பும் என்றார். கடைசி வாங்கில் இருந்தவர்கள் கண் கலங்கினதற்குப் பாதிக் காரணம் நீ, பாதிக் காரணம் முட்டி.

சுவாமி நடத்துகிற மண்டபத்துக்குக் கள்ளு முட்டியா என்று ஊர் கேலி பண்ணும் அல்லவா? அதனால் வெள்ளைத் துணி கட்டி மறைத்து வைத்தார். அந்தத் துணி உனக்கு நினைவிருக்கும். எண்பத்துமூன்றில் வெள்ளையடிக்கத் துணியைக் கழற்றினபோது எனக்கு மட்டும் காட்டி, "வெளியில விட்டியோ, உன்ர ஆர்மோனியத்தக் கடலுக்க போடுவன்" என்றார். அவர் செத்து எத்தனையோ காலம். நான் இன்னும் அந்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு இருந்தேன். உனக்குக்கூடச் சொல்லவில்லை.

உன்னில் எனக்குக் கோபமில்லை. எங்கள் ஊரில் சுவரில் ஓட்டையைக் கண்டால் வேறென்ன நினைப்பார்கள்? பிழை என்னுடையது. முட்டி உடையாமல் துளைகளைத் திறக்க முடியுமா என்று சிங்கராசாவைக் கேள். உடனே எழுது.

அண்ணன்


பேசாலை,
20.07.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீங்களும் நிருஷாவும் அப்படியே இருக்க மன்றாடுகிறேன். கடிதம் பிந்திவிட்டது, மன்னியுங்கள். பாடசாலைச் சோதனைத் தாள் திருத்தல், திருநாள் வேலை, அது இது என்று மூன்று மாதம் போய்விட்டது.

சோளகம் இந்த வருடம் பொல்லாத காற்று. கருவாடு காயவைத்த பாய் ஒன்று பறந்து வந்து கிடங்குக் கூரையில் விழுந்து, இரண்டு நாள் மண்டபம் முழுக்க அதே வாசம். கூரைக்குப் பழைய ஓடு மாதிரியே தேடி எடுத்துவிட்டோம். கதவுக்குப் பனங்குருத்துப் பச்சை பூச வேண்டும் என்று நானும், மண்ணிறம்தான் வேண்டும் என்று குழுவும் சண்டை. மேடைப் பலகை வந்துவிட்டது. வாங்குகள் மன்னாரில் ஒரு தச்சரிடம் கொடுத்திருக்கிறோம்.

பெரிய சந்தோசம் ஒன்று. மீராசாஹிபு புத்தளத்திலிருந்து எருக்கலம்பிட்டிக்கே திரும்பி வந்துவிட்டார். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் வெளியேற்றப்பட்டவர், முப்பத்துநாலு வருடம் கழித்துச் சொந்தக் காணியில் ஒரு அறை கட்டியிருக்கிறார். கிடங்கு வேலை என்று கேள்விப்பட்டுச் சைக்கிளில் வந்து இறங்கினார். தாடி முழுக்க வெள்ளை. "ஒங்க அண்ணன் இன்னும் தாளத்துல முந்தித்தான் ஓடுறாரா?" என்று கேட்டார்.

பின் சுவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பார்க்கிறோம்.

உங்கள் தங்கச்சி


பேர்கன்,
10.08.2024

செல்வி,

சுகம் விசாரித்தேன் என்று மச்சானுக்குச் சொல். கருவாட்டுப் பாய்க்கு நாலு வரி, கதவுக்கு ஒரு வரி, பின் சுவருக்கு ஒரு சொல். நீ சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டால் இப்படித்தான் அம்மாவிடம் ஊர்க்கதை எல்லாம் சொல்வாய்.

என்ன உடைந்தது?

இடம் தெரியாவிட்டால் இதை வைத்துக்கொள். மூன்று வரிசை, வரிசைக்கு ஏழு. கீழ் வரிசை இரண்டு ஆள் உயரம். துளைக்குத் துளை இரண்டு முழம். சுற்றிலும் வெள்ளையடித்தவன் நான், எனக்கு அந்தச் சுவர் கையில் இருக்கிறது.

நேரம் போகிறது பிள்ளை.

அண்ணன்


பேசாலை,
12.10.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும், அதைவிட வேறு மன்றாட்டு எனக்கு இல்லை. உள்ளதை எழுதுகிறேன்.

உங்கள் சித்திரைக் கடிதம் வந்த மறுநாளே அவசரப்பட்டு, உத்தேசமாக உளி வைக்கச் சொன்னேன். முட்டி அகப்பட்ட இடத்தில் எல்லாம் அது உடைந்தது. நாலு முட்டி. ஓட்டுத் துண்டுகள் என் காலடியில் விழுந்தன. "போதும், இறங்கும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். கிழமைக்கணக்கில் அந்தப் பக்கம் போகவில்லை. உங்கள் காதில் மிச்சம் இருந்ததை என் கையால் அடைத்துவிட்டேன் என்று கிடந்து அழுதேன். அதை எப்படி எழுதுவது?

மீராசாஹிபு வந்த பிறகு அவரைக் கடைசி வாங்கில் இருத்தி, மேடையில் நின்று "அண்ணா" என்று சாதாரணக் குரலில் கூப்பிட்டேன். அவர் தலையை ஆட்டினார். "சத்தம் வருது புள்ள. ஆள் வரல்ல."

பிறகு நீங்கள் எழுதின அளவு வந்தது. சிங்கராசா நூல் பிடித்துச் சுவரில் கரிக்கோடு போட்டான். மீராசாஹிபு, அந்த வயதில், ஏணியில் ஏறினார். டோலக்கில் தட்டுவது போல விரலால் சுவரைத் தட்டித் தட்டிப் போனார். "இது கல்லு. இதும் கல்லு. இந்தா, இது வெறும் வயிறு!" என்று சொன்ன இடத்தில் எல்லாம் சிங்கராசா வட்டம் போட்டான். மிச்சம் பதினேழும் அகப்பட்டன. உளியே இல்லை. சாந்தைத் தண்ணீரில் நனைத்து, ஆணியால் சுரண்டிச் சுரண்டி, ஒன்றுக்கு ஒரு நாள். சீமெந்து பூசியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். கடைசித் துளை முந்தாநாள்தான் திறந்தது.

நேற்று மறுபடி மேடையில் நின்று அதே மாதிரிக் கூப்பிட்டேன். மீராசாஹிபு வாங்கை விட்டு எழும்பி நின்றுவிட்டார். "இப்ப ஆள் வந்துட்டாரு."

மண்டபம் தயார் அண்ணா. வாருங்கள்.

உங்கள் செல்வி


பேர்கன்,
15.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகமா? நான் சுகம். உன் கடிதம் ஐப்பசியிலேயே கிடைத்தது. பதில் பிந்தினதற்குக் காரணம் ஒன்றுமில்லை, சோம்பல்தான். காது அப்படியே இருக்கிறது, அதை நினைத்துக் கவலைப்படாதே.

தை இருபத்தெட்டில் நானும் நிருஷாவும் வந்து இறங்குகிறோம். மாசி இரண்டு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு வைக்கலாம். பெரிய விழா வேண்டாம். பின்னேரம் நாலு மணிக்கு, தெரிந்த முகங்கள் மட்டும்.

மேற்குச் சன்னல்களைத் திறந்து வைப்பீர்களா? மேடையில் அந்த நேரம் வெளிச்சம் விழுமா? கடைசி வாங்கிலிருந்து உன் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். வெளிர் நிறத்தில் சேலை கட்டு. கதவுக்குப் பச்சைதான் பூசினீர்களா?

நான் வாறன்.

அண்ணன்


பேர்கன்,
03.03.2025

அன்புச் செல்விக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். நீ கட்டித் தந்த பாரைக் கருவாட்டை ஓஸ்லோ விமான நிலையத்தில் ஒருவரும் பிடிக்கவில்லை. வீட்டுக்குள் இன்னும் ஊர் மணக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டு இருக்கிறேன். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. நீயும் எதையும் மனதில் போட்டுக் குழப்பாதே. மீராசாஹிபுக்கும் சிங்கராசாவுக்கும் என் நன்றியைச் சொல்.

படலை வரைக்கும் வந்து கையைக் காட்டினாய். எங்களை ஏற்றின வான் தெருவில் திரும்பும்வரை உன்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

அண்ணன்


பேசாலை,
29.03.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் போன பிறகு வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. நீங்கள் இருந்த கதிரையில் இவரைக்கூட இருக்க விடுவதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோபிக்காதீர்கள்.

அன்று நான் பாடவில்லை. மேடையில் ஏறி உங்களைப் பார்த்தேன். கடைசி வாங்கில், வெள்ளைச் சேர்ட்டோடு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தீர்கள். வாயைத் திறந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. பாட்டின் சொற்களுக்கு வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன், முதல் அடியிலிருந்து கடைசி அடி வரைக்கும். மண்டபத்தில் முப்பது பேர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது.

அப்போதுதான் நீங்கள் எழும்பிக் கைதட்டினீர்கள். "போதும் பிள்ளை, எல்லாம் கேட்டுட்டன்" என்றீர்கள். உங்களைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். பாடாத பாட்டைக் கேட்டதாகச் சொல்கிறாரே, காது முழுதாகப் போய்விட்டதே என்று அப்போதுதான் தெரிந்தது. மிச்ச நாள் முழுக்க உங்களுக்கு முன்னால் தெரியாதவள் போல நடந்தேன்.

நீங்கள் விமானம் ஏறின மறுநாள் கிடங்குக்குத் தனியே போனேன். பாடினேன் அண்ணா. தடையில்லாமல் வந்தது. பதினேழு முட்டியும் வாங்கித் திருப்பித் தந்தன. கேட்க வேண்டியவர் இல்லாத மண்டபத்தில் நின்று முழுப் பாட்டையும் பாடி முடித்தேன். இந்தப் பாவத்தை எந்தச் சுவாமியிடம் போய்ச் சொல்வது?

மன்னிப்புக் கேட்டு,
செல்வி


பேர்கன்,
உயிர்ப்பு ஞாயிறு, 20.04.2025

என் செல்லத் தங்கச்சிக்கு,

உயிர்த்த ஆண்டவர் உங்கள் எல்லோருக்கும் சுகம் தரட்டும். இங்கே பனி உருகி முற்றம் தெரிகிறது.

காது ஐப்பசியிலேயே போய்விட்டது. உன் கடிதம் வந்த கிழமைதான். மண்டபம் தயார் என்று நீ எழுதியிருந்தாய், நான் எப்படி அதற்குப் பதில் எழுதுவேன்? வராமல் விட்டுவிடலாம் என்று இரண்டு மாதம் யோசித்தேன். பிறகு, கேட்காவிட்டாலும் உன்னைப் பார்க்கலாமே என்று வந்தேன். வந்து இறங்கின நாளிலிருந்து உங்கள் வாயசைவைப் பார்த்தும் நிருஷாவின் சைகையைப் பார்த்தும்தான் சமாளித்தேன்.

மன்னிப்பு ஒன்றும் கேட்காதே. நீ பாடவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஏழு வருடம் ஆர்மோனியத்துக்குப் பின்னால் இருந்து உன் காலைப் பார்த்துத்தான் நான் சுருதி தொடங்குவேன். பாட வாயைத் திறக்குமுன் இடது குதிகாலைத் தூக்குவாய். அது உனக்கே தெரியாது. அன்று உன் குதிகால் எழும்பவே இல்லை. எனக்கு அந்த நேரமே விளங்கிவிட்டது.

என் தங்கச்சி முப்பது பேருக்கு முன்னால் தனியே நிற்கிறாள். பக்கத்தில் நான் இல்லை. ஆரும் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் எழும்பிக் கைதட்டினேன்.

உன் அண்ணன்,
சந்தியோகு